செல்லப்பிராணிக்கு அவசர சிகிச்சை: வீட்டிலிருந்து ஐசியூ வரை முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் பெரும்பாலான தனியார் கால்நடை கிளினிக்குகள் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல் ஷட்டர் இறங்கிவிடும். தோட்டத்தில் கட்டுவிரியன் இரை தேடுவதும், ராத்திரிச் சாப்பாடு முடித்த பெரிய நாய்க்கு வயிறு முறுக்கிக்கொள்வதும் அந்த நேரத்தில்தான். அதனால் முதல் வேலை, உங்கள் நாயோ பூனையோ நன்றாக இருக்கும் இன்றைக்கே செய்து வைக்க வேண்டியது.

இன்றே செய்து வைக்க வேண்டியவை

மூன்று எண்களை வீட்டில் எல்லோருடைய ஃபோனிலும் போட்டு வையுங்கள்: வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், இரவில் இயங்கும் மருத்துவமனை, அது கிடைக்காவிட்டால் போக வேண்டிய இன்னொன்று. சேமித்தால் மட்டும் போதாது, ஒருமுறை பகலில் கூப்பிட்டுக் கேளுங்கள். இரவில் டாக்டர் அங்கேயே இருப்பாரா, அழைத்தால் வருவாரா? ஆக்சிஜன் உண்டா? இரவில் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்களா? பாம்பு விஷமுறிவு மருந்து கையிருப்பு இருக்கிறதா? ரத்தம் ஏற்ற வசதி? '24 மணி நேரம்' என்று போர்டு வைத்த இடங்களிலும் இரவில் உதவியாளர் மட்டுமே இருப்பதுண்டு. அது நாய் மூச்சுத் திணறும்போது தெரிய வேண்டிய செய்தி அல்ல.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி தெரிந்திருக்கும். 1903-இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உண்டு. எந்தப் பிரிவு எத்தனை மணிவரை என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 1962 என்ற இலவச எண் முக்கியமாக ஆடு மாடுகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தி சேவை. கிராமப்புறத்தில் வேறு வழியில்லாதபோது அதையும் அழைத்துப் பாருங்கள், ஆனால் வீட்டு நாய்க்கு அதை மட்டுமே நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஒரு பையில் இவை இருக்கட்டும்: டிஜிட்டல் தெர்மாமீட்டர், வாஸ்லின், காஸ் பேண்டேஜ் இரண்டு சுருள், 500 மில்லி சலைன் பாட்டில், காயத்தை நக்காமல் தடுக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு, தடித்த பெட்ஷீட் ஒன்று. தடுப்பூசிப் புத்தகத்தின் ஃபோட்டோவும் கடைசியாக எடுத்த எடையும் ஃபோனில் இருக்க வேண்டும். மருந்தின் அளவு பெரும்பாலும் எடையை வைத்துத்தான்.

இயல்பு எது என்று தெரிந்தால்தான் ஆபத்து தெரியும்

உடல் வெப்பத்தை மலவாயில்தான் பார்க்க வேண்டும். தெர்மாமீட்டர் நுனியில் வாஸ்லின் தடவி ஓர் அங்குலம் உள்ளே வைத்தால் போதும். நாய், பூனை இரண்டுக்கும் ஏறக்குறைய 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. மனிதக் கணக்கில் 101 என்றதும் காய்ச்சல் என்று பதறுபவர்கள் நிறைய. நாய்க்கு அது காய்ச்சலே இல்லை. மூக்கு ஈரமா காய்ந்ததா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். முப்பதைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதய நோய் உள்ள நாய்களுக்கு நுரையீரலில் நீர் கோப்பது இருமல் வருவதற்கு முன்பே இந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட ஈறு அதிகம் சொல்லும். மேல் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானாலோ ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தாலோ உள்ளே ரத்தப்போக்கு அல்லது ரத்த ஓட்டம் குலையும் அதிர்ச்சி நிலை (ஷாக்). நீலம் என்றால் ஆக்சிஜன் போதவில்லை. பழுப்பு என்றால் விஷம், பூனையில் பெரும்பாலும் பாராசிட்டமால். மஞ்சள் என்றால் கல்லீரல், அல்லது சிவப்பணுக்கள் சிதைகின்றன. செங்கல் நிறம் வெயில் தாக்கத்திலும் ரத்தத்தில் கிருமி பரவும்போதும் வரும். ஈறு கறுப்பாக உள்ள நாய்களுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். இன்றே ஒருமுறை பார்த்து வைத்தால், உங்கள் நாயின் இயல்பான நிறம் எது என்று பிறகு குழப்பம் வராது.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

1. வாய் வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். தண்ணீர், பால், குளுக்கோஸ், மாத்திரை எதுவுமே வேண்டாம். மயக்கத்தில் உள்ள நாய்க்கு ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வெறும் வயிறுதான் பாதுகாப்பு.
2. ஃபோன் செய்து நான்கே விஷயம் சொல்லுங்கள்: இனமும் வயதும் எடையும், என்ன நடந்தது, எப்போது, இப்போது மூச்சும் ஈறு நிறமும் எப்படி. நீங்கள் வந்து சேர்வதற்குள் அவர்கள் மேசையைத் தயார் செய்வார்கள்.
3. வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். காஸ் துணியை மூக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே முடிந்து, காதுக்குப் பின்னால் கட்டுங்கள். மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் இருந்தாலும், பக் போன்ற தட்டை மூக்கு நாய்க்கும் வாயைக் கட்டவே கூடாது.
4. வண்டி மோதிய நாயைப் பலகை, சாப்பாட்டு மேசையின் மேல்பலகை, இல்லாவிட்டால் நான்கு பேர் இழுத்துப் பிடித்த பெட்ஷீட் மீது வைத்துத் தூக்குங்கள். பூனையைத் துண்டில் சுற்றிக் கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ வையுங்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனால் ஒரு ஹாரன் சத்தத்தில் குதித்து ஓடிவிடும்.

நாய் மூச்சும் அசைவும் இல்லாமல் கிடந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்து, மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை உள்ளே போகும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். முப்பது அழுத்தலுக்கு இரண்டு முறை, வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக ஊதுங்கள். பூனைக்கும் குட்டி நாய்க்கும் ஒரு கையால் மார்பைச் சுற்றிப் பிடித்து அழுத்தினால் போதும். இன்னொருவர் வண்டி ஓட்டட்டும்.

ஆண் பூனை குனிந்து குனிந்து முக்கினால்

இது மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் தள்ளிப்போட்டதால் போன உயிர்கள் எண்ணிலடங்கா. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகங்களும் சளியும் சேர்ந்த அடைப்பு விழுந்தால் சிறுநீர் வெளியேறாது. திரும்பத் திரும்ப மணல் தட்டுக்குப் போகும், கத்தும், குறியை நக்கிக்கொண்டே இருக்கும், மணலில் ஈரம் இருக்காது. பின்னங்கால்களுக்கு முன்னால் வயிற்றில் எலுமிச்சம்பழ அளவிலோ அதற்கு மேலோ கெட்டியாக ஓர் உருண்டை தட்டுப்படும். அதை அழுத்திப் பிதுக்கக் கூடாது, சிறுநீர்ப்பை கிழியும்.

ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு குறையும், வாந்தி வரும், உடல் சில்லிடும். துடிப்பு வேகம் குறைந்த பூனையை நேராக மயக்க மருந்துக்குக் கொண்டுபோகும் டாக்டர் ஆபத்தை அழைக்கிறார். முதலில் ஈசிஜி, சிரை வழியாகக் கால்சியம் குளுக்கோனேட், இன்சுலினும் குளுக்கோஸும், டிரிப்ஸ். பிறகுதான் அடைப்பை நீக்கச் சிறுநீர்க் குழாயில் விடும் மெல்லிய குழாயான கதீட்டர். அடைப்பு நீங்கிய பின் சிறுநீர் அடங்காமல் கொட்டும். அந்த அளவுக்கு டிரிப்ஸும் ஏற்ற வேண்டியிருப்பதால் இரண்டு மூன்று நாள் தங்க வேண்டும். அன்றே கதீட்டரை எடுத்து அனுப்பிவிட்டால் மறுபடி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால்

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்கள் நிலைகொள்ளாமல் நடந்து, எச்சில் வடித்து, ஓங்கரித்தும் நுரையைத் தவிர எதுவும் வராமல், விலாவுக்குப் பின்னால் மத்தளம்போல் உப்பினால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது. ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரை நசுங்குவதால்தான் நாய் விழுகிறது. ஓமத் தண்ணீர், வாயு மாத்திரை, வயிறு தடவல் எதுவும் முறுக்கை அவிழ்க்காது. வலப்பக்கம் படுக்க வைத்து எடுக்கும் ஒரே எக்ஸ்ரே விடை சொல்லிவிடும். டிரிப்ஸ், குழாயோ ஊசியோ வழியாகக் காற்று இறக்குதல், உடனே அறுவை சிகிச்சை என்பதுதான் வரிசை. இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். தைக்காவிட்டால் மறுபடி முறுக்கும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வளர்ப்பவர்கள் இனத்தைக் குறிப்பிட்டுச் சொல்வது நல்லது. உடலில் கொழுப்பு குறைந்த வேட்டை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும்.

பாம்புக்கடி

நாய் பாம்பை மோந்து பார்க்கப் போவதால் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ விழும். நம் ஊரில் உயிரெடுப்பவை முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்த இடம் வேகமாக வீங்கும், வலிக்கும், ஊசி குத்திய இடத்திலும் ரத்தம் நிற்காது. நல்ல பாம்புக்கு வீக்கத்தோடு கண் இமை சரிவு, எச்சில் வடிதல், மூச்சுத் தளர்வு. கட்டுவிரியன் ஏமாற்றும். வீக்கமே இருக்காது, பல் தடம் முடிக்குள் மறைந்திருக்கும். இரவு தோட்டத்தில் படுத்த நாய் காலையில் பின்கால் இழுத்து, குரைக்கும் குரல் கம்மி நின்றால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், முகம் வீங்கும்போது அதுவே இறுக்கும். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, இறுக்கிக் கட்டுவது வேண்டாம். பாம்பைத் துரத்தாதீர்கள். தூரத்திலிருந்து ஃபோட்டோ கிடைத்தால் போதும்.

மருத்துவமனையில் இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சாய்க்கும்போது உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் விஷம் உள்ளே வேலை செய்கிறது. விஷமுறிவு மருந்து மேற்சொன்ன நான்கு பாம்புக்கும் பொதுவானது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் எடுக்கும் விஷம், குதிரையின் உடலில் எதிர்ப்பொருளாகி, இந்தக் குப்பிகளாக வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் குழிவிரியன்களின் விஷத்தை இது முறிக்காது.

நாய் சிறியது என்பதற்காக மருந்தைக் குறைக்கக் கூடாது. பாம்பு இறக்கிய விஷம் எவ்வளவோ அதை முறிக்கத்தான் மருந்து, எடையைக் கணக்கிட்டு அல்ல. எத்தனை குப்பி என்பதை அறிகுறிகளும் அந்த இருபது நிமிடச் சோதனையும் தீர்மானிக்கும். குதிரைப் புரதம் என்பதால் ஒவ்வாமை வரலாம், அதற்கான அட்ரினலின் ஊசி பக்கத்தில் இருக்க வேண்டும். நல்ல பாம்புக் கடிக்கு நியோஸ்டிக்மின், அட்ரோபின் என்ற மருந்துகளும் உதவும். மூச்சு நின்றுவிடும் நிலையில் வென்டிலேட்டர்தான் காப்பாற்றும். நரம்பு விஷம் இறங்கும்வரை மூச்சு ஓடினால் நாய் எழுந்துவிடும். கண்ணாடி விரியனுக்கு அடுத்த சில நாள் சிறுநீர் அளவும் நிறமும் பாருங்கள், சிறுநீரகம் பின்னால் கெடும்.

விஷம்: அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்

எலி மருந்து எல்லாம் ஒன்றல்ல. மெழுகுக் கட்டியாகவோ கேக்காகவோ விற்பது பெரும்பாலும் புரோமடியலோன். ரத்தம் உறைவதைத் தடுக்கும், ஆனால் மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தெரியும். 'தின்று இரண்டு நாள் ஆச்சு, நல்லாத்தான் இருக்கு' என்ற நிம்மதி பொய்யானது. இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் வாந்தி எடுக்கவைத்தே பெருமளவு வெளியேற்றலாம். தாமதமானால் 48 முதல் 72 மணி நேரத்தில் உறைவுச் சோதனை, பிறகு வைட்டமின் கே1 மூன்று நான்கு வாரம், கொழுப்புள்ள உணவோடு. நிறுத்திய 48 மணி நேரத்தில் மறு சோதனை கட்டாயம்.

கறுப்புப் பொடி என்றால் ஜிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயு வரும், ஆகவே சாப்பாடு கொடுக்காதீர்கள், காரில் கண்ணாடியை இறக்கி வையுங்கள், வாந்தியை மோந்து பார்க்காதீர்கள். பேஸ்ட்டில் மஞ்சள் பாஸ்பரஸ் இருந்தால் முதல் நாள் வாந்தி, பிறகு தேறியது போன்ற தோற்றம், அடுத்து கல்லீரல் செயலிழப்பு. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. அதனால்தான் பெட்டி முக்கியம்.

பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே எமன். நான்கு கிலோ பூனைக்கு 500 மி.கி. என்றால் கிலோவுக்கு 125 மி.கி. அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன் மனித மருந்துக் கடைகளில் கிடைக்கும், டாக்டரிடம் இல்லையென்றால் வாங்கிக்கொண்டே போகலாம். நாய்களுக்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவினால் உடல் நடுக்கம், வலிப்பு. உடனே பாத்திரம் கழுவும் சோப்பால் குளிப்பாட்டிவிட்டுக் கிளம்புங்கள். நாய்களுக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், திராட்சை, உலர்திராட்சை, கறுப்பு சாக்லேட், சைலிட்டால் உள்ள சர்க்கரையில்லா சூயிங்கம், அதிக வெங்காயம் எல்லாமே ஆபத்து.

உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்கவைப்பது இன்னும் நடக்கிறது. ரத்தத்தில் சோடியம் ஏறி, விஷம் கொல்லாத நாயை உப்பு கொன்றுவிடும். பினாயில், மண்ணெண்ணெய், ஆசிட் குடித்திருந்தால் வாந்தியே கூடாது. போன வழியிலேயே திரும்பி வந்து உணவுக்குழாயையும் நுரையீரலையும் வேகவைக்கும்.

வெயில் தாக்கினால் முதலில் குளிர்ச்சி, பிறகு பயணம்

ஏப்ரல், மே மாதங்களில் பக், ஷிட்சூ, பருத்த லாப்ரடார், மொட்டை மாடியில் கட்டப்பட்ட எந்த நாயும் இதற்கு ஆளாகும். நாக்கு நீண்டு தொங்கி, தள்ளாடி, 105-ஐத் தாண்டியிருந்தால் அங்கேயே குழாய்த் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி மின்விசிறியைப் போடுங்கள். ஈரத் துணியைப் போர்த்தாதீர்கள், சூடு உள்ளே அடைபடும். 103-க்கு இறங்கியதும் நிறுத்துங்கள், இல்லையேல் அளவுக்கு மீறிக் குளிரும். எழுந்து நடந்தாலும் மருத்துவமனை போயே ஆக வேண்டும். சிறுநீரகச் சேதமும் ரத்த உறைவுக் கோளாறும் அடுத்த ஓரிரு நாளில்தான் தலைகாட்டும்.

சுருக்கமாக மற்றவை

வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ ஒரே நாளில் இரண்டு முறை வந்தாலோ அவசரம். வாயில் சாவியோ கையோ வைக்காதீர்கள். விளக்கை அணைத்து, சுற்றியுள்ள பொருளை நகர்த்தி, வீடியோ எடுங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நிறையத் தண்ணீர் குடித்துச் சோர்ந்தால் கருப்பையில் சீழ். கசிவு இல்லாத வகை இன்னும் மோசம். குட்டிக்கு ரத்தம் கலந்த நாறும் பேதியும் வாந்தியும் என்றால் பார்வோ என்ற தொற்று வைரஸ் நோய். கிளினிக் வாசலிலேயே சொல்லிவிட்டு மற்ற குட்டிகளோடு உட்காராமல் காத்திருங்கள். பூனை வாயிலோ மலவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடலை அறுத்துவிடும். பக், ஷிட்சூவின் விழி வெளியே பிதுங்கினால் சலைனால் நனைத்துக்கொண்டே, கூம்பு மாட்டிக் கொண்டுபோங்கள்.

உள்ளே என்ன நடக்கும், நீங்கள் என்ன கேட்க வேண்டும்

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்க்க மாட்டார்கள். மூச்சு, ரத்த ஓட்டம், மூளை என்ற வரிசைதான். கால் எலும்பு வெளியே தெரிந்தாலும் முதலில் மார்பைத்தான் பார்ப்பார்கள். வண்டி மோதிய நாயின் உதரவிதானம் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை) கிழிந்திருந்தால் அதுதான் கொல்லும். சுத்தமாக மூடிக் கட்டிய எலும்பு இரண்டு மூன்று நாள் பொறுக்கும்.

மூன்று கேள்வி கேளுங்கள். இன்றிரவு கட்டாயம் எது, நாளை எலும்பு அல்லது கண் நிபுணரிடம் போகும்வரை பொறுக்கக்கூடியது எது? முதல் 24 மணி நேரத்துக்கு எவ்வளவு செலவு, மொத்தம் எவ்வளவு ஆகலாம்? இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திப் பார்க்கலாமா என்பதற்கு உங்கள் பதில் என்ன? கடைசிக் கேள்வியை அவர்கள் கேட்கத் தயங்கினால் நீங்களே பேசிவிடுங்கள். கையில் உள்ள பணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். தொகை தெரிந்தால் எந்தச் சோதனை முதலில் என்று டாக்டர் மாற்றி அமைக்க முடியும். சொல்லாமல் நடு இரவில் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதுதான் நாய்க்குப் பெரிய நஷ்டம்.

காத்திருக்கக் கூடாத நிபுணர் வேலையும் உண்டு. டாக்ஸ்ஹண்ட் போன்ற நீள முதுகு நாயின் பின்கால்கள் திடீரென விழுந்தால் விரல் நுனியை இடுக்கியால் அழுத்தி வலி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வலி உணர்வே போயிருந்தால் ஸ்கேனும் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையும் ஒரு நாளைக்குள் நடக்க வேண்டும். இரவோடு இரவாக ஊர் மாற்ற வேண்டுமென்றால் எக்ஸ்ரே, ரத்த அறிக்கை, கொடுத்த மருந்தின் பெயர், அளவு, நேரம் எழுதிய தாள் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

உண்ணிக் காய்ச்சலிலும் எலி மருந்திலும் ரத்தம் ஏற்ற நேரும். கொடுக்கும் நாய் 25 கிலோவுக்கு மேல், ஒன்று முதல் எட்டு வயதுக்குள், தடுப்பூசி போட்டு, உண்ணி நோய் இல்லாததாக இருக்க வேண்டும். தெரிந்தவர் வீட்டில் அப்படி ஒரு நாய் இருந்தால் அவர் எண்ணையும் இன்றே குறித்து வையுங்கள். பூனைக்கு முதல் முறையே ஆனாலும் ரத்த வகை பார்க்காமல் ஏற்றக் கூடாது. வகை மாறினால் சில மில்லியே கொல்லும்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டு மட்டும் போதாது. எந்த அறிகுறி வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும், அடுத்த வேளை சாப்பாடு எப்போது, எவ்வளவு, தையல் எப்போது பிரிக்க வேண்டும், கூம்பு எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றினால், ஒரு இரவு நக்கலிலேயே தையல் பிரிந்துவிடும்.